மூன்றாம் எண் கூண்டு

பெயர் எழுத வேண்டாம் என்றாள்
கல்லூரியிலிருந்து வந்த பெண்.
நாலு பக்கம், இருபத்தெட்டுக் கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
கடைசியில் கூட்டினால் ஓர் எண் வருமாம்.
அந்த எண்ணில் தெரிந்துவிடுமாம்
கடலூர் பெரியாஸ்பத்திரி நர்சுகளின்
மனசு எப்படியிருக்கிறதென்று.

துறைமுகத்தில் அன்றைக்கு
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
"மூணுதான் சிஸ்டர்,
ஒம்போது வந்தா பாத்துக்கலாம்" என்றான்
சைக்கிள் ஸ்டாண்டுக்காரன்.

அமலோற்பவம் சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
முதல் பக்கத்தை மட்டும் படித்தார்.
"எல்லாரும் நடுக்கட்டத்துல போட்டுடுங்கடி.
இந்தப் பக்கம் போட்டா பொய்யி,
அந்தப் பக்கம் போட்டா மெமோ."
சிரித்தோம்.
போட்டோம்.
நாற்பத்தியோரு பேருக்கும்
ஒரே மனசு.

பன்னிரண்டாம் கேள்வி மட்டும்
என் பேனாவைப் பிடித்து வைத்துக்கொண்டது:
பணிநேரம் முடிந்த பிறகும்
பணியிடக் குரல்கள் கேட்கின்றனவா?

ஒரு குரல்தான்.

ஐப்பசியில், ஆண்கள் வார்டு, பதினாலாம் கட்டில்,
சோனாங்குப்பம் தேசிங்கு.
விடியற்காலை மூணு பத்து.
துணைக்கிருந்த மச்சான் டீக்குப் போயிருந்தான்.
கேஸ் ஷீட்டில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.
தலையணைக்கடியில் அவருடைய போன்,
எண்கள் தேய்ந்த பட்டன்களின் இடுக்கில்
காய்ந்த மீன்செதில் ஒன்று.
உள்ளே
ஐஸ் கம்பெனி,
டீசல் பாய்,
வீடு.
வீட்டை அழுத்தினேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
நான் வாய் திறப்பதற்குள்
"எழுந்துட்டியா மாமா,
பசிக்குதா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம்
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது.

என் போனிலும் 'வீடு' என்றுதான் இருந்தது.
அன்று காலை பஸ்ஸில்
கெடிலம் பாலம் தாண்டுவதற்குள் அதை அழித்துவிட்டு
ப. இளவழகன் என்று அடித்தேன்,
இனிஷியல், புள்ளி எல்லாம் வைத்து.
யாரோ ஒருவருடைய எண் மாதிரி இருக்கிறது.
இருக்கட்டும்.

நடுக்கட்டத்தில் டிக் போட்டேன்.

கடைசிப் பக்கத்தில்
'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று
இரண்டு கோடு.
ஒரு ஆளைக் கிடத்த
இரண்டு கோடு காணாது.
எழுதினேன்:
துணி வைக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
போட்டுத் தந்தால் நல்லது.

படித்துவிட்டு நிமிர்ந்தாள் அந்தப் பெண்.
"துணி திருடு போகுதா சிஸ்டர்?"
"ஆமா" என்றேன்.

ராத்திரி கூண்டு ஐந்தானது.
கரண்ட் போய் ஜெனரேட்டர் வருகிற இடைவெளியில்
வார்டு முழுக்க இருமல் மட்டும் இருந்தது.
வெளிச்சம் வந்ததும்
பதினாலாம் கட்டிலுக்குப் புதிதாக வந்த பையன்
"பசிக்குது சிஸ்டர்" என்றான்.
அவன்மேல் தப்பில்லை.
பாலும் பன்னும் கொடுத்து
வாயைத் துடைத்துவிட்டு
துணி அறைக்குள் போனேன்.

மடித்த பச்சைப் போர்வைகளில்
சலவைச்சோடா வாசம்.
முகத்தை வைத்தேன்.
எவ்வளவு நேரமோ.
யாரும் கதவைத் தள்ளவில்லை.

வெளியே வந்தால்
கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு
அமலோற்பவம் சிஸ்டர்.
மடியில் ரிப்போர்ட் நோட்டு,
அதன்மேல் எரிகிற டார்ச்,
ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.
என் முகத்தைப் பார்க்காமல்
"பதினாறுக்கு டிரிப் முடியப்போகுது,
மாத்திட்டு வந்து இங்க உக்காரு" என்றார்,
முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

"எனக்கொரு பத்து நிமிசம் வேணும்."