மறந்த வளையம்

சிலோயே தீவின் தென்கோடி, கெய்யோன்.
இங்கே மழை நிற்பதில்லை,
அவ்வப்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

கூரைமேல் ஏறி நான் கழற்றிய இணைப்பானைச் சாய்த்தபோது
ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது.
உள்ளே செம்புப் பின்னல் கன்னங்கரேல்.
இத்தனை வாரம்
இந்தத் தண்ணீருக்குள்ளேதான் பேசிக்கொண்டிருந்தோம்,
மெலிங்காக்காரர் "என்ன? என்ன?" என்றது
காது மந்தத்தால் அல்ல.

எதுவிகிஸ் சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்தாள்.
சால்மன் ஆலையில் பகலெல்லாம் தோலுரிக்கிற கை.
கேபிளின் கறுப்பு உறையைச் சுற்றி
கத்தியால் ஒரே வட்டம்.
அழுத்தினால் பின்னல் அறும்,
விட்டுப்பிடித்தால் உறை கழலாது.
"பிடியை ஆட்டாதே, நோல்பெர்தோ."
ஆட்டவில்லை. மூச்சுதான் விட்டேன்.

நூறு வாட் கோலைச் செருகியதும்
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.
உலோக உடலைத் திருகி ஏற்றி
நான்கு துளைகளிலும் ஈயத்தை ஊட்டினாள்.
சூடு போதாவிட்டால் ஈயம்
விருந்தாளிபோல் மேலேயே உட்கார்ந்திருக்கும்;
மிஞ்சினால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் உருகி
நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.
இரண்டுக்கும் நடுவே
நாலைந்து நொடிகள்.
அவள் வாய்க்குள் எண்ணினாள்.

ஆறியபின் மீட்டரை வைத்தாள்:
ஒரு முள் நடுவில், ஒரு முள் உடலில்.
சத்தமில்லை.
அந்தச் சத்தமின்மைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அப்போது பார்த்தாள்,
உப்புஜாடிக்குப் பக்கத்தில்
மறை உள்ள அந்த வளையம்,
முதலில் கேபிளில் கோத்திருக்க வேண்டியது,
தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டு.

நான் முன்பே பார்த்தேன்.
உபரி என்று நினைத்தேன்.
இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுமுனை வழியே கோர்க்கலாமென்றால்
அது சுவரைத் துளைத்து, கூரையேறி,
நேற்றே பற்றவைத்துப் பசைநாடா சுற்றியாகிவிட்டது.
எதுவிகிஸ் ஒன்றும் பேசவில்லை.
வெட்டும் குறடு மட்டும் ஒரு சொல் சொன்னது.

இரண்டாம் முறை வளையம் முதலில் ஏறியது.
ஏற்றியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இரவு பத்துக்கு, நாற்பது மீட்டரில்,
மெலிங்காவிலிருந்து ஆர்தெமியோ:
"ஐந்து, ஒன்பது! என்னம்மா செய்தீர்கள்?"
"மழையை வடித்துவிட்டோம்," என்றாள்.
வளையத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை,
அதற்காகவே அவளுக்கு மாத்தே கலக்கிக் கொடுத்தேன்.

வெட்டிய முனை என் சட்டைப்பையில் கிடக்கிறது.
துளைகளில் ஈயம் வழுவழுவென்று நிற்கிறது,
ஒரு பழுது சொல்ல முடியாத பற்று.
எதிலும் மாட்ட முடியாது.