கடைமடை

அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்கு வெளியே
சோயா ஏற்றிய கப்பல்
பத்தொன்பது நாளாக நங்கூரத்தில் நிற்கிறது.
என் மேசையிலிருந்து அது தெரியாது.
தெரிவதெல்லாம்
எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டியும்
கடன்கடிதப் படிவங்களின் அடுக்கும்தான்.
எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரை:
டாலர் வரும்வரை.

எப்போது வரும் தெமியானா, என்று கேட்பவர்களுக்கு
ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.
எந்த ஞாயிறு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்று ரிஃபாத் வந்தார்,
தமன்ஹூர் பக்கம் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறவர்.
சத்தம் போடவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து
தன் படிவத்தின் மேல் விட்டார்.
ஒருநாள் வயது.
கையெழுத்துக்கான கட்டத்துக்குள் நின்று
அங்கேயே எச்சமிட்டது.

மற்றதெல்லாம்? என்றேன்.
பீப்பாயில், என்றார்.
தீவனமில்லாமல் கண்ணெதிரே காயவிடுவதைவிட என்று தொடங்கி
முடிக்கவில்லை.
பதினோராயிரம் என்று பிற்பாடு காவலாளி சொன்னான்.

ரிஃபாத் யாருக்கும் கடன்காரர் இல்லை.
ரொட்டிப் பையில் கட்டுக்கட்டாகப் பவுண்டு கொண்டுவந்திருந்தார்.
நாட்டுக்குள் செல்லும் காசு;
கப்பலுக்குச் செல்லாது.

போன வருஷம் எங்களைப் பலருக்குப் பிடித்திருந்தது.
எங்கள் கடன்பத்திரங்களை அள்ளி அள்ளி வாங்கினார்கள்.
அப்புறம் வெகுதூரத்தில் ஓர் அறையில்
வட்டியை முக்கால் சதவீதம் ஏற்றினார்கள்,
தங்கள் ஊர் விலைவாசிக்காக.
அந்த அறையில் ஒருவருக்கும் தமன்ஹூர் மேல் கோபமில்லை.
மூன்றே வாரத்தில் பணம் கிளம்பிவிட்டது.
செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த விருந்து அது.

என் கணவர் வாக்தி பாசனத்துறையில் இருக்கிறார்.
கடைமடைக்காரன் சோம்பேறி என்று
தலைமடைக்காரன்தான் அறிக்கை எழுதுவான், என்பார்.
எங்கள் தொழிலிலும் அப்படித்தான்.
பெரிய மத்திய வங்கிகள் ஐந்தாறு
தங்களுக்குள் ஒரு வாய்க்கால் வெட்டிவைத்திருக்கின்றன.
ஒருவருக்கு நா வறண்டால்
மற்றவர் அன்று மாலைக்குள் மதகைத் தூக்குவார்.
எங்களுக்கு விண்ணப்பம் உண்டு. தூதுக்குழு உண்டு.
எதை விற்பாய், எதை வெட்டுவாய்,
ரொட்டிக்கு ஏன் மானியம் என்று
நூற்றெட்டுக் கேள்வி உண்டு.
பதில் எழுதி முடிக்கையில் பயிர் வைக்கோல்.

சேமித்திருக்கலாமே என்பார்கள்.
சேமித்தோம்.
கையிருப்பு என்றால் என்ன?
நம் கோதுமையை அவர்கள் பத்தாயத்தில் கொட்டி
வாடகையையும் நாமே கொடுப்பது.

நான் தானம் கேட்கவில்லை.
காயும் நாளுக்கு முன்பே
அளவும் விலையும் பேசி முடித்த ஒரு மதகு,
கடைமடையில்.
திறப்பதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டாதபடி
சாவி இந்தப் பக்கம்.
இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
எச்சத்தைத் துடைக்காமல்
அப்படியே கெய்ரோவுக்கு அனுப்பினேன்.

குஞ்சை ரிஃபாத் எடுத்துக்கொண்டு போகவில்லை.
மைப்புட்டிகள் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது.
காவலாளி ரொட்டித் துணுக்கு போடுகிறான்.
அந்த ரொட்டியின் கோதுமையும் கப்பலில் வந்ததுதான்,
மார்ச்சில்,
என் கையால் போன கடைசிப் படிவத்தில்.

விளக்கணைக்கும்போது அது கத்தியது.
ஞாயிற்றுக்கிழமை, என்றேன்.