நிலைக்கட்டணம்

கொட்டாம்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையோரம்
அறுபது கிலோவாட்டை நட்டுவைத்தேன்.
யார் வந்தாலும் வராவிட்டாலும்
மின்வாரியத்துக்கு மாதம் பிறந்துவிடும்.

நேற்று மூன்று வண்டி.
அதில் ஒன்று, விலையை விசாரித்துவிட்டு
மதுரையிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று போனது.

வங்கியில் கேட்டார்கள்,
வண்டி எப்போது பெருகும்?
சார்ஜர் பெருகினால்.
சார்ஜர் எப்போது பெருகும்?
மேலாளரும் நானும்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பியில் கட்டிப்போட்ட நாற்பது நிமிடம்
வந்தவர்கள் என்ன செய்வார்கள்?
சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப்பக்கம்
ஜெயக்கொடி கடையில் நாலு பரோட்டா, ஒரு கலக்கி,
பிள்ளைக்கு முறுக்கு,
கிளம்பும்போது தண்ணீர் பாட்டில்.
எனக்கு யூனிட்டுக்கு மூன்று ரூபாய் நின்றால் பெரிது.
அவள் கல்லில் நிற்பது எவ்வளவென்று
கேட்டதில்லை.

ஆடி முடியக் கழற்றிவிடலாம் என்று
நோட்டை மூடிய இரவு
அவளே வந்தாள்,
கையில் மாவு காயவில்லை.
"நிலைக்கட்டணத்துல பாதி என்னுது.
லைட்டை மட்டும் அணைச்சிராதீங்க."

வட்டி கேட்பாளோ என்று
உள்ளுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
"அடுத்த மிஷினு" என்றாள்,
"எங்கடைப் பக்கம் நடணும்.
எழுதிக் குடுங்க."