ஏழாம் பத்தி

இரண்டாம் சனி, பத்திலிருந்து பன்னிரண்டு.
திருப்பூர் குடும்ப நீதிமன்றம், மாடிப்படிக்கு அடுத்த அறை.
சுவரில் வரைந்த யானைக்கு மூன்று கால்தான்.
நான்காவது கால் இருக்கவேண்டிய இடத்தில்
ஸ்விட்ச் போர்டு.

திருச்செங்கோட்டில் ஐந்தே முக்கால் பஸ்,
ஈரோட்டில் மாறி, பெருந்துறை தாண்டும்போது
பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.
உத்தரவு நகல், ஆதார், ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்.
தின்பண்டம் கூடாதென்று
முதல் தடவையே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
இருந்தும் கொண்டுபோகிறேன்.

காகிதத்தில் நான் மனுதாரர்.
தர்னீஷ் மைனர்.
கோகிலவாணி எதிர்மனுதாரர்.
லோகு மூன்று இடத்தில் வருகிறான்,
மூன்றிலும் 'இறந்துபோன' என்ற சொல்லுக்குப் பின்னால்.
ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு சோளக்காட்டில்
ரிக் வண்டியின் கம்பம் மின்கம்பியில் பட்டது.
நான் வாங்கிக் கொடுத்த வண்டி.
அது எந்தப் பத்தியிலும் இல்லை.

எங்கள் பக்கம்
அம்மாவைப் பெற்றவர் அப்பச்சி,
அப்பாவைப் பெற்றவர் அப்பாரு.
பல்லடத்தில் அவனுக்கு ஓர் அப்பச்சி உண்டு.
அவிநாசியில், புது அப்பா வீட்டில்,
ஓர் அப்பாருவும் கிடைத்துவிட்டார்.
முதல் சனியன்று கேட்டான்,
"உங்கள எப்படீங்க கூப்படறது?"
ஆலோசகர் அம்மா பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
"எப்படியோ கூப்படுங்க" என்றேன்,
ஏழு வயதுப் பையனுக்கு 'ங்க' போட்டு.

போர் போடுகிறவனுக்குத் தெரியும்.
முதலில் வருவதெல்லாம் புழுதி,
அப்புறம் பாறை மாவு.
மாவு ஈரமாக வந்தால்
வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.
மூன்று சனி புழுதிதான்.
நாலாவதில் க்ரேயானை நிமிண்டிக்கொண்டே கேட்டான்:
"உங்க வண்டி எத்தன அடிங்க போவும்?"
"ஆயிரத்து முந்நூறு."
"அங்க என்னங்க இருக்கும்?"
"இருட்டு. தண்ணி வந்தா, கொஞ்சம் சூடா வரும்."
ஒரு கோடு இழுத்தான், தாளின் அடிவரைக்கும்.
தாள் முடிந்தும் நிறுத்தவில்லை,
நீதிமன்றத்து மேசையிலும் இறங்கினான்.
நான் தடுக்கவில்லை.

அன்றைக்குக் கையெழுத்துப் புத்தகத்தின் பக்கத்தில்
கோகிலவாணி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"மாமா, ஏழாவது பத்தியப் படிச்சீங்களா?"
படிக்கவில்லை.
வக்கீல் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம்
கையெழுத்துப் போட்டவன் நான்.

பஸ்ஸில் படித்தேன்.
'எதிர்மனுதாரரின் நடத்தை' என்று தொடங்குகிறது.
அதற்கு மேல் இங்கே சொல்லமாட்டேன்.
லோகு போன பிறகு
என் பேரில் இருந்த வண்டிக் கடனுக்கு எட்டுத் தவணை,
பனியன் கம்பெனி ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து
கட்டினவள் அவள்.
விஜயமங்கலம் டோல்கேட்டில் பஸ் நின்றபோது
கீழே இறங்கிவிடலாமா என்றிருந்தது.
எங்கே போவது?

"அத எடுத்துட்டா காப்புரிமை மனுவுக்கு எலும்பே இல்லீங்க,"
வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.
"பாக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் மட்டுந்தான் மிஞ்சும்."
"எலும்பில்லாமயே நிக்கட்டும்."
நிற்காது. எனக்கும் தெரியும்.
ராத்திரியெல்லாம் அவன் என் கட்டிலில் தூங்குகிற கணக்கைப்
போட்டுப் போட்டு வைத்திருந்தேன்.
பள்ளிக்கூடம்கூட விசாரித்தாயிற்று.
வேன் எத்தனை மணிக்கு வருமென்றும் தெரியும்.
அவருடைய பேனாவை வாங்கி
ஏழின் மேல் நானே கோடு போட்டேன்.
"இப்படி அடிச்சா செல்லாதுங்க" என்றார்.
முறையாகத் திருத்த மனு போட வேண்டுமாம்,
அதற்குத் தனிப் பணம்.

இந்தச் சனி.
திருத்த மனு அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
தர்னீஷ் உள்ளே எட்டிப்பார்த்து அவளிடம் சொன்னான்:
"அவரு வந்துட்டாருங்கம்மா."
அவரு.
சரி, இப்போதைக்கு அது.

பன்னிரண்டுக்கு வரவேண்டியவள்
பன்னிரண்டே காலுக்கு வந்தாள்.
ஆலோசகர் அம்மா புத்தகத்தில் பன்னிரண்டு என்றே எழுதினார்.
பல்லடம் ரோட்டில் டிராபிக் என்றாள் கோகிலவாணி.
இருக்கலாம்.