கடைமடை வரை

விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
முன் அனுபவம்.
பேனை அதன்மேல் நின்று
ஒரு புள்ளியை மட்டும் பெருப்பித்துக்கொண்டிருந்தது.

வெலிக்கந்தை முகாமால் விட்டபோது
ஒரு தையல் மெசின் தந்தார்கள்.
நேர்கோடு எனக்கு வந்தது, சட்டைக் கை வரவில்லை.
விற்ற காசில் கூரைக்குத் தகரம் வாங்கினோம்.
மறுகா செங்கலடியில் புடவைக்கடை, பதினொரு மாதம்.
மறுகா ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை,
ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் துளை,
ஒன்றின் வழியாகவும் எதுவும் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் தொலைபேசி வரும்.
"இப்ப என்ன செய்யிற?"
கேட்கிறவருக்கு என் பிறந்த திகதி மனப்பாடம்.

நீர்ப்பாசனத் திணைக்களம். நாட்கூலி.
மட்டக்கோல் பிடிக்க ஓர் ஆள்.
ஏழாவது கட்டத்தில் 'வெயில் பழக்கம்' என்று எழுதினேன்.
சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

உன்னிச்சைக் குளத்திலிருந்து இறங்கும் ஒரு கிளை வாய்க்கால்.
மூன்று கிலோமீற்றருக்கு ஒன்றரை மீற்றர் இறக்கம்,
கண்ணுக்குத் தெரியாத சரிவு.
தண்ணீருக்கு மட்டும் தெரியும்.
றிஸ்மியா மிஸ் முக்காலிக்குப் பின்னால் குனிந்து
எண்களைச் சொல்லச் சொல்ல, கல்குலேட்டர் திறக்குமுன்
விடை என் வாயால் வந்துவிட்டது.
மூன்றாம் தரமும் வந்தபோது நிமிர்ந்தா.
"எங்க புள்ள படிச்ச?"

சொன்னேன். மோட்டார் அணி, கணக்குப் பகுதி.
வோக்கியில் ஒரு குரல் தூரம் தரும்,
நான் கோணம் கொடுப்பேன்,
முதுகுப் பக்கம் நிலம் ஒருமுறை உதறும்.
'வலம் ஐம்பது' என்று குரல் திரும்பி வரும்.
அவ்வளவுதான்.
என் கணக்கு விழுந்த இடத்தை
ஒருநாளும் நான் கண்டதில்லை.

வாய்க்கால் கரையில் ஒரு கொக்கு
காலை மாற்றி நின்றது.
அவட வாப்பா எந்த வருசம் மௌத்தானார் என்று
நான் கேட்கவில்லை.
அந்த வருசம் நான் எங்கே நின்றேன் என்று
அவவும் கேட்கவில்லை.
குடையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு
"குமிழியப் பாரு, நடுவுல நிக்குதா" என்றா.
நடுவில்தான் நின்றது.
அன்றிலிருந்து கோலை வேறொருவன் பிடிக்கிறான்.

இரண்டு வருடம், மாலை வகுப்பு, ஒரு சான்றிதழ்.
ஆங்கிலத் தாள் இரண்டாம் தரத்தில்தான் சரிவந்தது.

சிறுபோகத்துக்குக் கதவு திறந்த காலை
நான் தண்ணீரோடு நடந்தேன்.
அதன் வேகம் ஒரு கிழட்டு மாட்டின் வேகம்;
சருகைத் தள்ளி, நண்டுப் பொந்துக்குள் புகுந்து,
நிரப்பி, யோசித்து, மறுபடி வரும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
கடைமடையில் பூபாலப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டி
"மறுகா என்னகா, வருமா வராதா?" என்றார்.
பத்து வருடமாக அந்த வட்டைக்கு வானம்தான் தண்ணீர்.

வந்தது. அவருடைய வரம்புக்கு
நாற்பது அடி இருக்கும்போது நின்றுவிட்டது.

கொப்பியைப் புரட்டினேன்.
பதினான்காம் ஆப்பில் மூன்று சென்ரிமீற்றர்.
என் கையெழுத்து, என் பிழை.
வயிறு பழைய மாதிரிக் குளிர்ந்தது,
யார், எத்தனை பேர் என்று
காது வோக்கியைத் தேடியது.

பூபாலப்பிள்ளை மண்வெட்டியை நீட்டினார்.
"எவடத்த வெட்ட? காட்டு."

காட்டினேன். அவர் வெட்டினார்,
மறுகா நான் வெட்டினேன்.
ஒரு மணித்தியாலம்.
பிழை, ஈர மண்ணாக
வரம்பில் கிடந்தது.

தண்ணீர் அவருடைய வயலுக்குள் இறங்கும்போது
சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.
சனிக்கிழமை.
கை முழுக்கச் சேறு.
அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு
வெடித்த மண் குடிக்கிற சத்தத்தைக்
குந்தியிருந்து கேட்டேன்.