பெட்டிச் செய்தி

கொள்கலன் லொறிகள் துறைமுகம் நோக்கி
கிராண்ட்பாஸ் வீதியை உலுக்கிப் போகிற நேரம்.
விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டி
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
"தகுதிச் சுற்று எப்படி? நூற்றி இருபது சொல்.
சனத்துக்கு விளங்கோணும், ரூபி"
சொல்லிவிட்டு அந்திரேயாஸ் சேர்
தலைக்கவசத்தோடு படியிறங்கிவிட்டார்.

முகவர் நிலையம் அனுப்பிய ஆங்கிலத்தில்
முதற் சொல்லிலேயே இடறுகிறேன்.
விதைக்கப்பட்ட அணிகளாம்.
விதை என்றால் மண்ணுக்குள் போவது,
இருட்டில் கிடப்பது,
முளைத்தாலும் முளைக்கலாம் என்பது.
இவர்களுடையதோ ஏற்கெனவே காய்த்த மரங்கள்,
ஒன்றின் நிழல் மற்றதில் விழாதபடி
தள்ளித் தள்ளி நடப்படுகிறவை.
'தரநிலை அணிகள்' என்று அடித்தேன்.
உயிரில்லை. ஆனால் பிழையுமில்லை.

அடுத்த சொல் குடம். அதில் சிக்கலில்லை.
ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு
சிறுவனை விட்டு எடுப்பித்த ஊர்ச்சபைகளை
வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்தவர்கள்தானே.
அந்த ஓலைக்கும் தகுதி இருந்தது:
காணி வேண்டும், சொந்த மனை வேண்டும்.
இப்போது ஓலைக்குப் பதில் பிளாஸ்டிக் உருண்டை,
சிறுவனுக்குப் பதில்
கோட் போட்ட முன்னாள் ஆட்டக்காரர்.
குடமும் நான்காகிவிட்டது.
பலத்தவர் முதலாவதில், பிறகு படிப்படியாக.
குழுவுக்கு, குடத்துக்கொருவர்.
கலியாண வீட்டில் கோபக்காரச் சித்தப்பாமாரை
வெவ்வேறு பந்தியில் இருத்துவதுபோல.

"நாங்க எந்தக் குடம்?" என்கிறான்
பக்கம் அமைக்கும் முஃப்லிஹ்.

நாங்கள் குடத்திலேயே இல்லை.
குடம் வைத்த மண்டபத்துக்குள் நுழைய
வாசலில் இரண்டு ஆட்டம் ஆடவேண்டும்,
அவர்கள் மண்ணில் ஒன்று, எங்கள் மண்ணில் ஒன்று.
இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள்.
அங்கே ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றாயிற்று.
வியாழன் இங்கே, மழை விட்டால்.
இரண்டு கோலால் வென்றால் உள்ளே.
ஒன்றால் வென்றால் மேலதிக நேரம்,
அதுவும் தீர்க்காவிட்டால் தண்ட உதை.
சமன் என்றால்கூட வெளியேதான்.
வெளியே என்றால்
வருடக்கணக்கில் நட்புறவு ஆட்டங்கள்,
அதுவும் ஆராவது கூப்பிட்டால்.
ஆடாவிட்டால் புள்ளி ஏறாது,
புள்ளி ஏறாவிட்டால் ஆரும் கூப்பிடார்.

"அனுபவம் கேக்கிற முதல் வேலை மாதிரி" என்றான்.
அதை அப்படியே போடலாமா என்று யோசித்தேன்.

கோல் காக்கிற பொடியன்
கொம்பனித்தெருவில் இவன் வீட்டுக்கு மூன்றாம் வீடு.
பகலில் துறைமுகத்தில் பாரந்தூக்கிக் கணக்கு.
வியாழனுக்கு அரைநாள் லீவு கேட்டிருக்கிறானாம்.
காரணம் என்ற கோட்டில்
'சொந்த அலுவல்' என்று எழுதி.

எழுதி முடித்தால் இருநூற்றிப் பத்துச் சொல்.
முஃப்லிஹ் வழக்கம்போல் கீழிருந்து வெட்டப் போனான்.
செய்தியில் எப்போதும்
கடைசிப் பந்திதான் முதலில் சாகும்.
கடைசிப் பந்தியில் நாங்கள்.

பொறு என்றேன்.
மேலே போய்
முதலாம் குடத்துப் பெயர்களை
ஒவ்வொன்றாய் அழித்தேன்.
அந்தக் கொடிகள்
ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் இருக்கின்றன,
மொட்டைமாடிகளில் பறக்கும்,
என் பெட்டி இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும்.
சித்தப்பாமாரும் போனார்கள், சிரிப்பு வந்தது.
தண்ட உதை தங்கிற்று.
மழையும் தங்கிற்று.
நூற்றிப் பத்தொன்பது.

காலை எட்டு மணிக்குத் தெமட்டகொடையிலிருந்து தொலைபேசி.
"பிள்ளை, முதலாம் குடத்தில
ஆர் ஆர் எண்டு போடேல்லையே?"
"இடம் காணேல்லை ஐயா."
பேப்பர் மடிக்கிற சத்தம்.
ஓர் இருமல்.
"சரி, எங்கட மட்ச் எத்தினை மணிக்கு?"

அதைப் போட
மறந்திருந்தேன்.