செவ்வாய்க்கிழமை

லிங்கராஜபுரம் இல்லத்துக்குச்
செவ்வாய்தோறும் வருகிறது மிட்டாய்.
ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை,
எங்களைவிட ஒழுங்கான தடுப்பூசிக் கணக்கு.

லூர்தம்மா மேரி பிஸ்கட்டில் பாதியை
தலையணைக்கடியில் வைத்திருப்பாள்.
பெல்லியப்பா வாரம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்;
எல்லாப் பெயருக்கும் வாலாட்டும்.

அடுத்த கட்டில் மரியசூசை மட்டும்
கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.
நாய் என்றால் பயம் என்று
நர்ஸ் ஏட்டில் எழுதியிருக்கிறாள்.

பயமில்லை. எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு வருடம் கார்ப்பரேஷன் நாய்வண்டி.
விடியுமுன் அல்சூர்ச் சந்துகள்,
கம்பிச் சுருக்கு.
தூக்கத்தில் இன்னும் எண்ணுகிறார்.
நாற்பதைத் தாண்டியதில்லை,
அதற்குள் விழித்துவிடுவார்.

நேற்று மழை, கரண்ட் இல்லை.
கூட வந்த பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.
யாரும் கூப்பிடாமலே போய்
போர்வை விளிம்பை மூக்கால் நெம்பி
அந்த விரல்களை மோந்தது மிட்டாய்.
ஒவ்வொன்றாக. நெடுநேரம்.
பழைய பதிவேட்டில் பெயர் தேடும் குமாஸ்தாபோல.

பிறகு நக்கியது.

"கழுவிட்டேன்டா," என்றார் மரியசூசை.
"தெனமும் கழுவுறேன்."

நான் சுவர்ப்பக்கம்
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.